முப்பத்தேழாம் நம்பர் கவுன்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமாக அறுபது கருப்புக் கவுன்கள் உண்டு. அழைப்பிதழில் 'பட்டமளிப்பு அங்கி' என்று அச்சடிப்போம். வாயில் வருவது கவுன்தான். கடைசி வகுப்பை முடித்து வெளியே போகிற பிள்ளைகள் வருடத்தில் ஒரு நாள், காலை பத்து மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை, அதை மாட்டிக்கொண்டு தலையில் சதுரத் தொப்பியோடு வியர்த்து விறுவிறுத்து நிற்பார்கள். போட்டோ எடுத்ததும் கழற்றிக் கூடையில் வீசிவிட்டுப் போய்விடுவார்கள். மீதி நாளெல்லாம் அது என் தலைவலி. நான் அந்தப் பள்ளிக்கூடத்தின் கிளார்க். பீரோச் சாவி என்னிடம், இருப்புப் பதிவேடு என்னிடம், எது காணாமல் போனாலும் பதில் சொல்ல வேண்டிய வாயும் என்னுடையது.

ஒவ்வொரு கவுனின் கழுத்திலும் ஒன்றிலிருந்து அறுபது வரை நம்பர் தைத்திருக்கும். கீழ் ஓரத்தின் உள்மடிப்பைத் திருப்பிப் பார்த்தால் வேறு கதை. இதற்கு முன் அதை மாட்டியவர்கள் எல்லாம் வெள்ளை மையில் பெயரைக் கிறுக்கி வைத்திருப்பார்கள். 'எழுதக் கூடாது' என்று வருடா வருடம் நோட்டீஸ் ஒட்டுவேன். நோட்டீஸைப் பார்த்த பிறகுதான் பாதிப் பேருக்கு அந்த யோசனையே வரும்.

கவுன்களைச் சலவை செய்வது எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. முன்பக்கம் கடை: நீளமான இஸ்திரி மேஜை, சுவர் முழுக்கத் தட்டு, தட்டு முழுக்க மடித்த துணி. பின்பக்கம் வீடு. பக்கவாட்டில் முற்றம், அதில் இரண்டு சிமெண்டுத் தொட்டி, ஒரு குழாய், நாலு வரிசைக் கொடி. முற்றத்துக்கும் தெருவுக்கும் நடுவில் கம்பிக் கதவு மட்டும்தான், அதனால் என் வாசலில் நின்றால் அவர்கள் வீட்டு வேலை முழுக்கத் தெரியும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் சாப்பாட்டுக் கடை மேஜை விரிப்புகளும் அவர்களிடம்தான் வரும். சலவைக்காரர் பேச்சில் சிக்கனம், சோப்பில் தாராளம். துணி என்று சொல்ல மாட்டார், உருப்படி என்பார். எதுவாக இருந்தாலும் மூன்று தண்ணீர் அலசாமல் கொடியில் போட மாட்டார். முப்பது வருடத்தில் ஒரு உருப்படிகூட அவர் கையில் தொலைந்ததில்லை என்பது ஊருக்கே தெரியும், ஏனென்றால் அதை மட்டும் அவர் வாயைத் திறந்து சொல்லிக்கொண்டே இருப்பார். இஸ்திரி போடுவது அவர் மனைவி. என்னை அண்ணா என்பாள். அந்த முறையில் அவர்கள் பிள்ளைகளுக்கு நான் மாமா.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவனைப் பள்ளிக்கூடமே 'இஸ்திரி' என்றுதான் கூப்பிட்டது. கேலிக்கு வைத்த பெயர். அவன் கோபப்படவில்லை, அதையே கையெழுத்தாக்கிக்கொண்டான். பெயர் எழுத வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு இஸ்திரிப் பெட்டியும் அதிலிருந்து கிளம்பும் மூன்று கோடு ஆவியும் வரைவான். பரீட்சைத் தாளில்கூட ஒரு முறை வரைந்து என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறான்.

இரண்டு வருடத்துக்கு முன் அவனுடைய பட்டமளிப்பு. அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. போட்டோ முடிந்ததும் எல்லோரும் கவுனைக் கூடையில் போட்டார்கள். அவன் மட்டும் நேராக வாசல் கேட்டுக்கு ஓடி, அங்கே நின்றிருந்த அம்மாவின் தோளில் வீசினான். "பிடிம்மா, எப்படியும் உன்கிட்டதானே வரப்போகுது" என்றான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். நாலு சைக்கிளில் எட்டுப் பேர் நீர்த்தேக்கத்துக்குக் குளிக்கப் போனார்கள். ஏழு பேர் திரும்பி வந்தார்கள்.

அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் முடியாது.

இரண்டு வாரம் கழித்து மற்ற கவுன்களை வெளுத்து அடுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எண்ணினேன். ஐம்பத்தொன்பது. முப்பத்தேழாம் நம்பர் இல்லை. சலவைக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் மேஜைக்கு அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணா, ஒண்ணு என்கிட்ட இருக்கு. துவைக்கல. அவருக்குத் தெரியாது. கேக்காதீங்க."

நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். சலவைக்காரர் வீட்டில் அழுக்குத் துணி தங்காது. விழா அன்று காலை பையன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியதுமே அவன் தலையணை உறைவரை உருவித் துவைத்துப் போட்டுவிட்டாள். பிள்ளை போன மூன்றாம் நாள், கதவில் தொங்கிய இரண்டு சட்டையையும் போர்வையையும் சலவைக்காரர் எடுத்துத் தொட்டியில் போட்டார். யாரோடும் பேசாமல் துவைத்தார், அலசினார், இஸ்திரி போட்டார், மாணவர் விடுதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அவள் தடுக்க நினைத்து எழுந்திருப்பதற்குள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. மிஞ்சியது இந்தக் கவுன் ஒன்றுதான். கழுத்துப் பட்டையில் அவன் வியர்வை உப்பாகப் பூத்திருந்தது. காற்றுப் படாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, டிரங்குப் பெட்டியில் கம்பளிக்கு அடியில் வைத்திருந்தாள்.

"அடிக்கடி பிரிக்க மாட்டேண்ணா. பிரிச்சா போயிடும். வாசனை எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா, அதுதானே என் பொழப்பு. ரொம்ப முடியாதப்ப மட்டும் பிரிச்சு, ஒரே ஒரு தரம் மோந்துட்டுக் கட்டிடுவேன்."

நான் பதிவேட்டில் அறுபது என்று எழுதினேன். என் வேலைக்காலத்தில் தெரிந்து எழுதிய ஒரே பொய் அது.

அந்த வருடத்துக்கு அடுத்து ஐம்பத்து நாலு பிள்ளைகள். பொய் தாங்கியது. இந்த வருடம் ஐம்பத்தொன்பது. அதுவும் தாங்கியிருக்கும். வருடத்தின் நடுவில் வேற்றூரிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான், அறுபது ஆகிவிட்டது. அவனைச் சேர்த்துக்கொண்டு கையெழுத்து வாங்கியவனே நான்தான். அப்போதே ஒரு கவுன் தைக்கச் சொல்லியிருக்க வேண்டும். 'பார்த்துக்கலாம்' என்று விட்டேன். பார்த்துக்கலாம் என்று நான் விட்டவற்றைத் தனியாக ஒரு பீரோவில்தான் அடுக்க வேண்டும்.

விழா சனிக்கிழமை. திங்கட்கிழமை கவுன்களை இஸ்திரிக்கு அனுப்பிவிட்டேன். புதன்கிழமை காலை புதுத் தலைமையாசிரியை மாணவர் பட்டியலையும் என் பதிவேட்டையும் அருகருகே வைத்துக்கொண்டு, "அறுபதுக்கு அறுபது, சரியா இருக்கு இல்லையா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தையல்காரரிடம் ஓடினேன். கருப்புத் துணி தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம்தான் வரும் என்று கையை விரித்தார்.

திரும்பி வந்து ஒரு துண்டுச் சீட்டு எழுதினேன். 'கவுன் ஒன்று குறைகிறது. தங்களிடம் இருப்பதை ஒரே ஒரு நாளுக்கு அனுப்பி உதவவும்.' அந்த அம்மாளுக்கு எழுதினதுதான். அந்த வீட்டில் சீட்டு, ரசீது எல்லாம் அவள்தான் படிப்பாள். சலவைக்காரருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது, கண்ணாடி எப்போதும் இருக்கிற இடத்தில் இருக்காது. ஒரு நாள்தானே, கொடுத்துவிட்டுத் திரும்பக் கட்டி வைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். வேறொரு பிள்ளை அதை மாட்டி மூன்று மணி நேரம் வியர்த்தால் என்ன மிஞ்சும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பியூனைக் கூப்பிட்டுக் கொடுத்தனுப்பினேன்.

புதன்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்கு விரிப்புகளைக் கொண்டுபோகிற நாள். எதிர்வீட்டிலேயே இருக்கிறேன், பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன். எனக்கு அது நினைவில் இல்லை.

பிறகு நடந்ததைச் சின்னவள் சொல்லித்தான் தெரியும். அவர்களுடைய மகளும் இந்த வருடம் முடிக்கிறவள்தான். அவளைச் சின்னவள் என்றே வீட்டில் கூப்பிடுவார்கள், மூத்தவன் போன பிறகும். பரீட்சை முடிந்து வீட்டில் இருந்தாள். சீட்டை அவள்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

சலவைக்காரர் இரண்டு முறை வாசிக்கச் சொன்னாராம். "தங்களிடம் இருப்பதையா? நம்மகிட்டயா? முப்பது வருசத்துல ஒரு உருப்படி தவறினது கிடையாது" என்று இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தேட ஆரம்பித்தார். கடைத் தட்டு, விரிப்பு மூட்டை, கட்டிலடி எல்லாம் பார்த்தார். கடைசியில் டிரங்குப் பெட்டி. கம்பளியைத் தூக்கியதும் பிளாஸ்டிக் பை. மூன்று முடிச்சு. பிரித்தார். கருப்புக் கவுன். கழுத்துப் பட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்பு.

"அட, ஆமா இருக்கு" என்றாராம். வருத்தத்தைவிட வெட்கம்தான் அதிகம் இருந்திருக்கிறது. அந்த வருடம் அந்த வாரம் வீடு இருந்த நிலையில் யாரோ எதையோ கட்டி எங்கேயோ வைத்திருப்பார்கள், மறந்திருப்பார்கள் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்து உருப்படி இரண்டு வருடம் தன் வீட்டில் அழுக்கோடு கிடந்திருக்கிறது, அது வெளியே தெரிவதற்குள் வெளுத்துவிட வேண்டும் என்பதுதான் அவர் புத்தியில் இருந்தது. மேலே பார்த்தால் மேகம் திரண்டுகொண்டிருந்தது. கருப்புத் துணியை வெயிலில் போட முடியாது, நிழலில் ஒரு நாள் முழுக்க உலர வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் சனிக்கிழமைக்கு ஈரம் காயாது.

அந்தத் தொழிலில் இருக்கிற கை நின்று யோசிக்காது. வேறு யார் கையில் கிடைத்திருந்தாலும், பையிலிருந்து எடுத்த வேகத்தில் உதறி மேஜையில் போட்டுவிட்டு அந்த அம்மாள் வரட்டும் என்று இருந்திருப்பார்கள். அவர் கவுனைப் பச்சைத் தண்ணீரில் ஒரு பிடி உப்புப் போட்டு ஊற வைத்தார், சாயம் போகாமல் இருக்க. கழுத்துப் பட்டையை மட்டும் தனியாகச் சோப்புப் போட்டு மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தார். பழைய கறை, லேசில் விடவில்லையாம். விடாமல் தேய்த்துப் போக்கினார். மூன்று தண்ணீர் அலசினார். பிளாஸ்டிக் பையைக்கூடக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

நாலு மணிக்கு நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் காலிக் கூடைகளோடு தெருமுனையில் வந்தாள். சீட்டு கிடைத்ததா என்று கேட்க நினைத்து இரண்டடி வைத்தேன். அவள் கம்பிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். நிழல் பக்கக் கொடியில் ஒற்றைக் கவுன் சொட்டிக்கொண்டிருந்தது. மற்ற ஐம்பத்தொன்பதும் கடைக்குள் ஆணியில் தொங்குகின்றன. இது ஏன் தனியாக, ஈரமாக.

கூடைகளை வைத்தாள். கிட்டே போய்க் கழுத்தைத் திருப்பி நம்பரைப் பார்த்தாள். வீட்டுக்குள் போனாள். பெட்டி மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் எதுவும் இல்லை. கொடியில் தொங்கிய ஈரக் கவுனின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் அவள் முழங்கை வழியாக ஓடியது.

சலவைக்காரர் கடையிலிருந்து வந்தார். காரியம் முடித்த மனிதனின் முகம். "பார்த்தியா, நம்ம வீட்டுலயேதான் இருந்திருக்கு. நல்லவேளை, நானே பார்த்தேன். காலர்ல ஒரு கறை இல்லாம எடுத்துட்டேன்" என்றார்.

அவள் முகத்தை எடுக்காமலே கேட்டாள்.

"எத்தனை தண்ணி அலசினீங்க?"

"மூணு. என்னைக்கும் போலத்தான்."

"மூணா" என்றாள்.

அவ்வளவுதான். தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஏம்மா என்ன ஆச்சு, கால் வலியா, தண்ணி வேணுமா என்று சுற்றிச் சுற்றி வந்தார். தூறல் விழுந்தது. சின்னவள் ஓடி வந்து கவுனைக் கொடியிலிருந்து எடுத்துத் திருப்பி மடித்தாள். உள்மடிப்பு மேலே வந்தது. அங்கே, பெயர்களின் கடைசியில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு இஸ்திரிப் பெட்டி. மேலே மூன்று கோடு ஆவி. வெள்ளை மை தண்ணீருக்குப் போகவில்லை.

"அப்பா, இது அண்ணனோடது" என்றாள்.

நான் என் வீட்டுக்குள் போய்விட்டேன். அதுதான் எனக்குத் தெரிந்த தைரியம்.

வெள்ளிக்கிழமை அறுபது கவுன்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சலவைக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சாமான் அறையில் நானும் அவரும் மட்டும். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தருவார், நான் நம்பரைச் சொல்லி ஆணியில் மாட்டுவேன். முப்பத்தாறு வரைக்கும் அப்படியே போனது. அடுத்ததை எடுத்தவர் தரவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். மேலே ஈரத்துணி போட்டுத்தான் தேய்த்திருக்கிறார், கருப்பில் ஒரு மினுக்கம் இல்லை.

"சார், உங்களுக்குத் தெரியுமாமே. சின்னவகிட்ட அவ சொல்லியிருக்கா."

"தெரியும்."

"ரெண்டு வருசமா?"

"ஆமா. அந்தச் சீட்டை எழுதினதும் நான்தான். உங்க வீட்டம்மா கைக்குப் போகும்னு நினைச்சேன். என்மேலதான் தப்பு."

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கவுனின் கழுத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அவ என்கிட்டப் பேசல சார். புதன்கிழமையிலேர்ந்து ஒரு வார்த்தை இல்லை. சாப்பாடு வைக்கிறா, டீ வைக்கிறா, இஸ்திரி போடுறா. திட்டினாகூடத் தேவல. அன்னைக்கு நான் எல்லாத்தையும் துவைச்சுக் குடுத்தேன் பாருங்க, அவன் சட்டையெல்லாம், அதனாலதான் என்கிட்ட மறைச்சிருக்கா. நான் அன்னைக்கு ஏன் துவைச்சேன்னு யாரும் கேக்கல. கையில வேலை இல்லாட்டி நானும் அந்தத் தண்ணிக்கே போயிருப்பேன். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே."

நான் தலையசைத்தேன்.

"பையைப் பிரிச்சேன் சார். குப்புனு வந்துச்சு. பழைய வேர்வை, புளிச்ச நாத்தம். நான் மூக்கைச் சுளிச்சேன். இப்படி," என்று சுளித்துக் காட்டினார். "என் புள்ள வாசனை அது. ரெண்டு வருசம் கழிச்சு என் மூஞ்சிக்கு நேரா வந்திருக்கு. எனக்குத் தெரியல. அழுக்குன்னு நினைச்சேன்."

அவர் அழவில்லை. நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு, இந்தாங்க, நீங்களும் மோந்து பாருங்கன்னு சொல்லியிருக்கலாம். மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" என்றார். பிறகு கவுனை என்னிடம் நீட்டினார். "முப்பத்தேழு. எழுதிக்குங்க."

நான் எழுதிக்கொண்டேன்.

கவுன் கொடுப்பது உயரப்படி, நெட்டையிலிருந்து குட்டைக்கு. சின்னவளுக்கு நாற்பத்து நாலு வர வேண்டும். சனிக்கிழமை காலை அவள் வரிசையில் முண்டி முன்னே வந்து, "மாமா, எனக்கு முப்பத்தேழு" என்றாள். உனக்கு அது நீளம், தடுக்கும் என்றேன். தடுக்கினால் தடுக்கட்டும் என்றாள். கொடுத்துவிட்டேன். அம்மா வருகிறாளா என்று கேட்டேன். தெரியவில்லை, காலையிலிருந்து இஸ்திரி மேஜையை விட்டு நகரவில்லை என்றாள். அன்று கவுன்களைக் கொண்டுவந்து கொடுத்ததோடு சரி, இரண்டு வருடமாக அந்த அம்மாள் பள்ளிக்கூடத்துத் தெருவில்கூட நடந்ததில்லை. ஆஸ்பத்திரிக்குச் சுற்று வழியாகத்தான் போவாள். மகளின் விழாவுக்கு வருவேன் என்று எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தாள், அது புதன்கிழமைக்கு முன்.

மேகமெல்லாம் கலைந்து மறுபடி வெயில் கொளுத்தியது. பேண்டு வாத்தியப் பிள்ளைகள் சுருதி சேராமல் ஊதினார்கள். தலைமையாசிரியை எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார், சிறப்பு விருந்தினரும் அதையே பேசினார், கால் மணி நேரம் கூடுதலாக. சலவைக்காரர் வழக்கம்போலக் கூடையோடு மேடை ஓரத்தில் நின்றார். நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னவள் பெயரைக் கூப்பிட்டபோது அவள் மேடைப்படியில் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள், கைகுலுக்கினாள், சுருட்டிய காகிதத்தை வாங்கினாள், திரும்பி நேராகக் கேட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் அம்மா நின்றிருந்தாள். அன்றைக்கு நின்ற அதே இடம், கேட்டின் இடது தூண். உள்ளே வரவில்லை.

தொப்பியை மேலே வீசக் கூடாது என்று நான் ஒட்டிய நோட்டீஸுக்குக் கீழே நின்று அறுபது பேரும் தொப்பியை வீசினார்கள். போட்டோ எடுத்தார்கள். கவுன்கள் கூடைக்கு வந்து விழுந்தன. சின்னவள் மட்டும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தாள். ஓடவில்லை. முதுகும் கழுத்தும் தெப்பமாக நனைந்திருந்தன. நான் பின்னாலேயே போனேன்.

அவள் கவுனை அம்மாவின் கையில் வைத்தாள். "அம்மா, இதைத் துவைக்காதே. நான் மாமாகிட்டச் சொல்லிக்கிறேன். இதை வச்சுக்கோ."

அந்த அம்மாள் கவுனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த மயிரை ஒதுக்கிவிட்டாள்.

"உன் வாசனைக்கு எனக்குத் துணி எதுக்குடி? நீ வீட்டுக்கு வா. அது போதும்."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோழிகள் நாலு பேர் தூரத்தில் காத்திருந்தார்கள். கடைத்தெருவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, ஒருத்தி வீட்டு மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. போகவில்லை என்றாள். அம்மா போகச் சொன்னாள். ஆறு மணிக்குள் வந்துவிடு என்றாள். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மூன்று மணிக்கு ஐம்பத்தொன்பது கவுன்களும் முற்றத்தில் குவிந்திருந்தன. சலவைக்காரர் பத்துப் பத்தாக ஊற வைத்து அலசிக் கொடியில் போட்டார். அந்த அம்மாள் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், மடியில் முப்பத்தேழாம் நம்பர். அவர் கை நீட்டவில்லை. அவளும் தரவில்லை. நான் என் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பிறகு என் மனைவி சொன்னாள்.

ஐந்தரைக்கு எல்லாம் முடிந்தது. அவர் தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடித்தார். பிடித்துவிட்டுச் சும்மா நின்றார். ஆறு அடித்தது. தெருவில் யாரும் இல்லை. ஆறு ஐந்து. அவள் கவுனை மடியில் இறுக்கிக்கொண்டாள். அவர் கம்பிக் கதவைத் திறந்து தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆறு பத்து. நானும் எழுந்து நின்றுவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கினேன்.

ஆறேகாலுக்குச் சின்னவள் தெருமுனையில் தெரிந்தாள். செருப்பு அறுந்துபோய்க் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள். கதவருகே நின்று, "செருப்பு அறுந்துடுச்சும்மா, அதான்" என்றாள். பயந்து போயிருந்தாள்.

யாரும் திட்டவில்லை. அம்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "உள்ள போய்க் கால் கழுவு. டீ போட்டு வச்சிருக்கேன்" என்றாள். மகள் உள்ளே போகும்வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து கவுனைக் கணவனிடம் நீட்டினாள்.

"இப்பப் போடுங்க" என்றாள். மூன்று நாளில் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை.

அவர் வாங்கினார். குழாயைத் திறந்தார். தண்ணீருக்கு மேலே கவுனைப் பிடித்தவர், போடாமல் நிறுத்தி, கழுத்துப் பட்டையை முகத்துக்குக் கொண்டுபோனார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு துணியை அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. மூச்சை இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை இழுத்தார்.

"அவனோடதும் இப்படித்தான் இருந்துச்சா?"

அவள் கிட்டே வந்து அவர் கையிலிருந்தபடியே குனிந்து முகர்ந்தாள். தலையை ஆட்டினாள்.

"இல்லங்க. இது இவளுது. அவன்து வேற."

"எப்படி இருக்கும்? சொல்லேன்."

அவள் சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தாள். அவரும் கவுனை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "சின்னதுல தலைக்கு எண்ணெய் வச்சா ஒரு வாசனை வருமே, ஞாபகம் இருக்கா," என்று ஆரம்பித்தாள். அவர் இல்லை என்று தலையசைத்தார். அவள் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

குழாய் திறந்தே கிடந்தது. தொட்டி நிறைந்து வழிந்து, கம்பிக் கதவுக்கு அடியில் ஓடி, தெருவைத் தாண்டி என் வாசல்வரை தண்ணீர் வந்துவிட்டது. நான் போய் மூடவில்லை.